செல்வம் பெயர் வெட்டிய தகடு

12 நவம்பர் 1954, வெள்ளி. சூரியநெல்லி.

பம்பாயிலிருந்து, பழைய கப்பல் கூட்டாளி இப்ராகிம் கடிதம் போட்டிருக்கிறான். நாங்கள் வேலை பார்த்த கப்பலை உடைக்கக் கொடுத்துவிட்டார்களாம்.

நிலக்கரி ஏற்றிய கப்பல் அது. யுத்தத்தில் அதற்குள் பட்டறை வைத்து, குண்டு விழுந்த துறைமுகங்களைச் சரிசெய்ய அனுப்பினார்கள். நானும் தூத்துக்குடிச் செல்வமும் அதில் முக்குளிப்பவர்கள். ரங்கூனில், மூழ்கிய படகை அறுத்தெடுக்க இறங்கிய செல்வம் உயிரோடு மேலே வரவில்லை. அன்றைக்கு இறங்க வேண்டியவன் நான். காய்ச்சல் என்று சொல்லியிருந்தேன்.

பட்டறையின் இரும்புத் தகட்டுச் சுவரில் அவன் பெயரை உளியால் வெட்டினேன். யுத்தம் முடிந்து கப்பல் அரிசி ஏற்றிய காலத்திலும் அந்தப் பெயர் அப்படியே இருந்ததாம். அந்தத் தகட்டை மட்டும் அறுத்து அனுப்பட்டுமா என்று இப்ராகிம் கேட்கிறான்.

தேயிலை ஃபேக்டரியில் கூட வேலை பார்க்கும் முத்தையாவிடம் கப்பலைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"நான் கடலையே பார்த்ததில்ல அண்ணாச்சி. கப்பல்ல சோறு நல்லாப் போடுவாங்களா?"

"போடுவாங்க" என்றேன்.

செல்வத்தின் தங்கை தூத்துக்குடியில்தான் இருக்கிறாள். ஒன்பது வருஷமாக நான் போய்ப் பார்க்கவில்லை. தகட்டை அவளுக்கு அனுப்பச் சொல்லி இப்ராகிமுக்கு எழுதினேன். பிறகு அதைக் கிழித்துப்போட்டு, எனக்கே அனுப்பு, நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று எழுதி ஒட்டிவிட்டேன். அவள் வாசலில் நின்று என்ன சொல்வேன் என்றுதான் தெரியவில்லை.