ஹார்லன் உட்கார்ந்த நாற்காலி

பைக் விரிகுடா, மிச்சிகன்
செப்டம்பர் 8, 1983

என் ரெய்னோவுக்கு,

நான் நலம். பூனையும் நலம். உன் முழங்காலைப் பற்றிக் கேட்டால் “அதுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு” என்பாய். அதனால் கேட்கவில்லை. களிம்பை மட்டும் மறக்காமல் தடவு.

கல்லூரி திறந்துவிட்டது. கணக்கியலில் இரண்டு வருடப் பட்டம் என்று ஆரம்பித்தேனே, அதில் இதுதான் கடைசிப் பருவம். சுரங்கத்துச் சாப்பாட்டுக்கூடத்தை மூடி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது பக்கத்து வீட்டு அவுனே, “இந்த வயசுல இனிமே படிச்சு என்னத்தக் கிழிக்கப்போற?” என்று கேட்டாள் அல்லவா? இப்போது அவளே தன் வரிக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு பின்கட்டு வழியாக வருகிறாள்.

இந்தப் பருவத்தில் எனக்கு வாய்த்திருக்கும் கண்டம் ஓர் அட்டைப்பெட்டி. ஆளுக்கு ஒன்று கொடுத்திருக்கிறார்கள். உள்ளே ஹார்லன் என்ற ஆணிக்கடைக்காரனின் பில்லும் செக்கும் ரசீதும் கந்தரகோலமாகக் கிடக்கின்றன. ஹார்லன் நிஜ ஆள் இல்லை. பாடப்புத்தகம் போடுகிறவர்கள் இட்டுக்கட்டிய ஆள். அவனுடைய கணக்கை முழுதும் எழுதி, ஐந்தொகை போட்டு, நவம்பர் கடைசியில் ஒப்படைக்க வேண்டும். பாதி மதிப்பெண் இதற்குத்தான். இதில் சறுக்கினால் பட்டம் கிடையாது.

புயல் காலம் வருகிறது, கப்பல் தளத்தில் நடக்கும்போது கயிற்றைப் பிடித்துக்கொள்.

உன் ஈர்யா

•

‘வில்லியம் ஓ. கார்வர்’ கப்பலிலிருந்து
செப்டம்பர் 22

அன்புள்ள ஈர்யா,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. குற்றம் உன்னுடையதா வாளியுடையதா தெரியவில்லை. டெட்ராய்ட் ஆற்றில் தபால் படகு வந்து ஒட்டியதும் எங்கள் ஆள் வாளியைக் கயிற்றில் இறக்கினான். தபாலைப் போட்டு மேலே இழுக்கும்போது ஒரு காற்று அடித்தது பார், வாளி குப்புறக் கவிழ்ந்துவிட்டது. பாதிக் கடிதங்கள் ஆற்றோடு போயின. இழுத்தவன், “மீனுக்கும் ஊர்க்கதை வேணுமில்ல” என்கிறான். இன்று அவனுக்கு இறைச்சி வைக்காமல் வெறும் உருளைக்கிழங்கு போட்டேன். நீ எழுதியிருந்தால் மறுபடியும் எழுது. கப்பல் ரேடியோவில் பேசலாம்தான், ஆனால் இந்தப் பெரிய ஏரிகளில் ஓடும் அத்தனை கப்பலும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும்.

எஞ்சின் அறை கஸ் சரியாகச் சாப்பிடுவதில்லை. அவன் மனைவியும் உன்னைப் போலத்தான் ஏதோ படிக்கப் போனாள். படித்து முடித்துச் சிகாகோவில் வேலை கிடைத்ததும் போனவள் போனவள்தான். நேற்று என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, “பொம்பள புஸ்தகத்தத் தொறந்தா கதவயும் தொறந்துடுவா, ஞாபகம் வச்சுக்க” என்றான். போடா என்று கரண்டியைக் காட்டி விரட்டிவிட்டேன்.

நீ எழுது.

ரெய்னோ

•

பைக் விரிகுடா
அக்டோபர் 4

என் ரெய்னோவுக்கு,

வாளி கவிழ்ந்ததைப் படித்துச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. போன கடிதத்தில் விசேஷம் ஒன்றும் இல்லை. எல்லாம் வகுப்புக் கதைதான், விடு. மீன்களும் கொஞ்சம் கணக்கு படிக்கட்டும்.

எனக்கு மூச்சுவிட நேரமில்லை. காலை முதல் இரவு வரை ஹார்லனோடுதான் பொழுது போகிறது. சாப்பாட்டு மேஜை முழுக்க அவன்தான். இடம் போதாமல் உன் நாற்காலியிலும் அவனைத்தான் வைத்திருக்கிறேன். பூனைக்கு ஒரே கோபம். பாவம், அவனுக்குத் தன் காரியத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் தெரியவில்லை. கடையிலிருக்கும் பெயின்ட் டப்பாவைக் கேட்காமல் கொள்ளாமல் வீட்டுக்கு எடுத்துப்போகிறான், நான்தான் பின்னாலேயே போய்ச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. அவுனே எட்டிப் பார்த்து, “ஏண்டி, இவன இன்னுமா வெளிய அனுப்பல?” என்று கேட்கிறாள். சில ராத்திரி அவனைத் திட்டிக்கொண்டே தூங்கிப்போகிறேன்.

ஏலக்காய் ரொட்டி சுட்டு அனுப்பியிருக்கிறேன். இந்த முறையாவது வாளியை ஒழுங்காகப் பிடிக்கச் சொல்.

உன் ஈர்யா

•

கப்பலிலிருந்து
அக்டோபர் 17

ஈர்யா,

நலம். ரொட்டி வந்து சேர்ந்தது. கஸ்ஸிடம் கொடுத்துவிட்டேன்.

ஹார்லனுக்கு என் வணக்கத்தைச் சொல்.

ரெய்னோ

•

பைக் விரிகுடா
அக்டோபர் 28

என் ரெய்னோவுக்கு,

என்ன இது, தந்தி மாதிரி ஒரு கடிதம்? முழங்கால் படுத்துகிறதா?

உன் வணக்கத்தை ஹார்லனிடம் சொல்லிவிட்டேன்! நீயும் அவனை விசாரிப்பது எனக்கு எவ்வளவு தெம்பாக இருக்கிறது தெரியுமா? நவம்பர் 22-ம் தேதியோடு அவன் இந்த வீட்டை விட்டுப் போய்விடுவான். போனால் தேவலை என்று இருந்தாலும் பழகிவிட்டதால் கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருக்கும். அவனால் எனக்கு இரண்டு வருடப் படிப்பு கைகூட வேண்டும், அவ்வளவுதான். நேற்று ஒரே குழப்பம். அவன் செய்த தப்பு எதுவென்று எனக்கே பிடிபடவில்லை. அழுதுவிட்டேன்.

நீ எப்போது கரைக்கு வருகிறாய் என்று எழுது. சவுனா நீராவிக் குளியலுக்கு விறகு பிளந்து வைக்க வேண்டும்.

உன் ஈர்யா

•

கப்பலிலிருந்து
நவம்பர் 9

ஈர்யா,

இனிமேல் சிரித்துப் பேச என்னால் ஆகாது.

யார் அந்த ஹார்லன்? நானாகக் கேட்க வேண்டாம், நீயாகச் சொல்வாய் என்று பொறுத்துப் பார்த்தேன். நீயோ ஒளிவு மறைவே இல்லாமல் எழுதுகிறாய், பக்கத்து வீட்டுக்காரிக்குக்கூடத் தெரிந்திருக்கிறது! என் மேஜை, என் நாற்காலி! நான் இங்கே முப்பது பேருக்குச் சட்டி கழுவிக்கொண்டிருக்கிறேன், அங்கே ஓர் ஆணின் தப்பை நினைத்து என் மனைவி அழுகிறாளாம்.

உன் மேல் கோபம்கூட வரவில்லை, பயம்தான் வருகிறது. நீ படிக்கப் போனாயே, அன்றைக்கே இந்தப் பயம் எனக்கு வந்துவிட்டது. ஈர்யா கெட்டிக்காரி, நான் எட்டாவதோடு நின்ற சமையல்காரன், ஒருநாள் அவளுக்கு நான் சலித்துப்போவேன் என்று நினைத்தேன். வெட்கமாக இருந்ததால் சொல்லவில்லை. பட்டத்தை வாங்கிக்கொள். நீ உழைத்துப் படித்தது, அதில் எனக்குப் பெருமைதான்.

குளிர்காலம் முழுக்கக் கப்பலை டொலிடோ துறையில் நிறுத்துகிறார்கள். காவலுக்கு ஓர் ஆள் வேண்டுமாம். என் பெயரைக் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வரமாட்டேன்.

ரெய்னோ லாஹ்டி

•

பைக் விரிகுடா
நவம்பர் 19

அட என் மடையா, என் மக்கு ரெய்னோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் நாற்காலியில்தான். ஹார்லனை எடுத்துத் தரையில் வைத்துவிட்டு.

அவன் ஓர் அட்டைப்பெட்டி! முதல் கடிதத்தில் விலாவாரியாக எழுதியிருந்தேன். அதைத்தான் உன் வாளி ஆற்றில் கொட்டியிருக்கிறது. “விசேஷம் ஒன்றும் இல்லை” என்று நான் பெரிய மனுஷி மாதிரி எழுதினேன் பார், என் விரலை ஒடிக்க வேண்டும். ஆணிக்கடைக்காரன், பயிற்சிக்காக இட்டுக்கட்டின ஆள், அவனுடைய பில்களைத்தான் உன் நாற்காலியில் அடுக்கியிருந்தேன். நம்பமாட்டாய் என்று பெட்டியின் மூடியை வெட்டி இதோடு அனுப்புகிறேன். அதில் அச்சடித்திருப்பதைப் படி: ‘ஹார்லன் இரும்புச் சாமான் கடை. கற்பனை நிறுவனம். மாணவர் பயிற்சிக்கு மட்டும்.’ கஸ்ஸிடமும் காட்டு. சத்தம் போட்டுப் படித்துக் காட்டு.

முதலில் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அழுதேன். அப்புறம்தான் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருடக் குடித்தனம் ரெய்னோ! ஒரே ஒரு வரி, “யாரு இவன்?” என்று அன்றைக்கே கேட்டிருக்கக் கூடாதா?

சலித்துப்போவேன் என்று எழுதியிருக்கிறாயே, கேள். முடியும்வரை சொல்ல வேண்டாம் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். நம் ஊர் மருத்துவமனையின் கணக்குப் பிரிவில் ஓர் இடம் இருக்கிறது. பட்டம் வந்தால் அது எனக்கு. சிகாகோ இல்லை, மலைக்கு அந்தப் பக்கம் நடந்தே போகலாம். போன ஜனவரியில் நீ மாடிப்படியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு படியாக இறங்கியதை நான் சமையலறையிலிருந்து பார்த்தேன். பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டேன். அந்தக் காலோடு நீ இன்னும் எத்தனை வருடம் கப்பலில் ஏறி இறங்குவாய்? உன்னைக் கரையில் வைத்துக்கொள்ளத்தான் நான் படிக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை பெட்டியை ஒப்படைக்க வேண்டும். ஐந்தொகை இன்னும் ஒத்துப்போகவில்லை. பற்று ஒரு பக்கம் இழுக்கிறது, வரவு ஒரு பக்கம். என் நிலைமையும் அப்படித்தான் இருக்கிறது.

பெயரைத் திரும்ப வாங்கு.

ஈர்யா

•

பைக் விரிகுடா
டிசம்பர் 12

ரெய்னோ,

ஹார்லன் தேறிவிட்டான். பெயின்ட் டப்பாவைத்தான் நான் இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். கடைசி நாள் காலையில், பூனைக்குப் பால் ஊற்றும்போது பளிச்சென்று பட்டது. ஓடிப்போய் ஒன்றை அடித்துவிட்டுக் கூட்டினேன், இரண்டு பக்கமும் ஒத்துப்போயிற்று. எங்கள் ஆசிரியை திருமதி ப்ரூயிட் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மூடி எங்கம்மா?” என்றார். “வீட்டுக்காரருக்கு அனுப்பிட்டேன் மேடம், அவசரம்” என்றேன். வகுப்பே என்னைப் பார்த்தது.

பட்டம் வந்துவிட்டது. வேலையும் வந்துவிட்டது, ஜனவரி முதல் வாரம் சேர வேண்டும். கையில் அந்தக் காகிதம் இருக்கிறது, சரி, யாரிடம் காட்டுவது? அவுனேயிடம் காட்டினேன். “நல்லாத்தான் இருக்கு, சட்டம் போட்டு மாட்டு” என்றாள். அது போதவில்லை எனக்கு.

மூன்று வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. மேல் ஏரியில் புயல் என்று ரேடியோ சொல்லிக்கொண்டே இருக்கிறது. வாளி மறுபடியும் கவிழ்ந்ததா, அல்லது நீதான் எழுதவில்லையா என்று தெரியாமல் தவிக்கிறேன். கோபம் என்றால் கோபமாகவாவது இரண்டு வரி எழுது.

விறகு பிளந்து வைத்துவிட்டேன்.

உன் ஈர்யா

•

டொலிடோ துறை
டிசம்பர் 20

என் ஈர்யாவுக்கு,

புயலுக்குப் பயந்து பத்து நாள் ஒரு தீவின் பின்னால் நங்கூரம் போட்டுக் கிடந்தோம். பிறகும் மேல் ஏரியிலேயே ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு மாதமாகத் தபால் படகுப் பக்கமே போக முடியவில்லை. உன் இரண்டு கடிதமும் இன்று காலைதான் ஒரே கட்டாகக் கைக்கு வந்தன.

மூடியை மூன்று தடவை படித்தேன். மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்து, “கடவுளே நன்றி, கடவுளே நன்றி” என்று எத்தனை தடவை சொன்னேனோ! அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது. நான் கப்பலில் சமைக்கும் இந்தப் பதினெட்டு வருடத்தில் முதல் தடவை. என்ன நாற்றம் என்று கேட்க வந்த கேப்டன் முழுக் கதையையும் என்னிடம் கறந்து, மூடியைப் பிடுங்கிக்கொண்டு போய், சாப்பாட்டு மேஜையில் எல்லோருக்கும் முன்னால் சத்தம் போட்டுப் படித்துவிட்டார். அப்புறம் கேட்க வேண்டுமா? “குக்கு, ஹார்லனுக்கு ஒரு தட்டு வைக்கலையா?” என்று ஒருவன். “பெயின்ட் டப்பாவ ஒளிச்சு வைங்கடா, ஆள் வந்துடப்போறான்” என்று இன்னொருவன். நானும் சிரித்தேன். இரண்டு மாதமாக எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை ஈர்யா, இன்று மூன்று தட்டு சாப்பிட்டேன்.

கஸ் மட்டும் சிரிக்கவில்லை. மூடியை வாங்கித் தானும் ஒரு தடவை படித்துவிட்டு, “காவல் வேலைக்கு என் பேர எழுதிக்கச் சொல்லு. நீ ஊருக்குப் போ” என்றான். கேப்டன் அந்த நிமிடமே என் பெயரை அடித்து அவன் பெயரை எழுதினார்.

கேட்டிருக்க வேண்டும் என்கிறாய். கேட்டிருக்க வேண்டும்தான். நீ என்ன பதில் சொல்வாயோ என்ற பயத்தில் வாய் வரவில்லை.

நீ வேலைக்குப் போ. காலையில் உனக்குச் சாப்பாடு கட்டிக்கொடுக்க ஆள் இருக்கிறேன். வசந்தத்தில் கப்பல் ஏறுவதா வேண்டாமா என்று நீயும் நானும் உட்கார்ந்து பேசுவோம். எனக்கு வேண்டாம் என்றுதான் இப்போதே தோன்றுகிறது.

மூடியை மடங்காமல் துணியில் சுற்றி என் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறேன், உன் திருமதி ப்ரூயிட்டிடம் திருப்பிக் கொடுத்துவிடலாம். பட்டத்துக்குச் சட்டம் நான் போடுகிறேன். ஆணி வாங்க வேண்டுமானால் கடைக்காரன் ஒருத்தன் நமக்குப் பழக்கம்தானே.

இன்னும் கொஞ்ச நேரத்தில் பஸ். இனி வாளியை நம்ப நான் தயாரில்லை, அதனால் இந்தக் கடிதத்தை நானே எடுத்து வருகிறேன். கதவைத் தட்டி உன் கையில் கொடுப்பேன். நீ நின்றபடி இதைப் படித்து முடி. நான் என் நாற்காலியில் உட்கார்ந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் ரெய்னோ