தெற்கே சுற்றிய வழி

1. ஒக்லாந்தின் எப்சத்தில் வசிப்பவனும், தொழிலால் சட்டத்தரணியும், உமது நண்பனுமாகிய நான் இதை எழுதுகிறேன்.

2. நேரில் கண்டதைக் கண்டதாகவும், நீர் சொல்லிக் கேட்டதைக் கேட்டதாகவும் மட்டுமே கூறுவேன்.

உமது வரைபடம் இப்போது என் அறைச் சுவரில் தொங்குகிறது. உம் மனைவிதான் தந்தார். சட்டகத்தில் உங்கள் வீட்டுச் சாம்பிராணி வாசம் இன்னும் போகவில்லை. கனடாவின் வடகோடியில் நீர் மருத்துவராக இருந்த ஊரும் அதற்கு அடுத்த ஊரும் ஒரு விரல் இடைவெளியில் இரண்டு புள்ளிகளாக நிற்கின்றன.

அந்த ஒரு விரலைப் பற்றி நீர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இடையே சாலை இல்லை. வான்வழித் தூரம் சொற்பம். ஆனால் நேர் விமானம் கிடையாது. தெற்கே நகரத்துக்குப் பறந்து, அங்கே தங்கி, மறுபடி வடக்கே பறக்க வேண்டும்.

உம் அம்மா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது, உமது ஊருக்கு வரவேண்டிய விமானம் பனிப்புயலால் வரவில்லை. அடுத்த ஊரிலிருந்து மட்டும் ஒன்று தெற்கே புறப்பட்டது. அதைத் தொலைபேசியில் அண்ணரிடம் சொன்னீர். அவர் வரைபடத்தை விரித்து அடிமட்டத்தால் அளந்துவிட்டு, "பக்கத்து ஊருக்குப் போய் ஏற ஏலாதோ? வர மனமில்லையெண்டு சொல்லு" என்றாராம். எங்கள் வழக்கில் தாய்க்குக் கொள்ளி வைப்பது இளைய மகன். உமக்காகக் காத்திராமல் அண்ணரே வைத்தார்.

பிறகு இருவரும் இதே ஒக்லாந்துக்கு வந்து சேர்ந்தீர்கள். அவர் மவுண்ட் ரோஸ்கில்லில், நீர் அதை ஒட்டிய சான்ட்ரிங்ஹாமில்; பேச்சுவார்த்தை மட்டும் இல்லை. அண்ணி சுட்ட அரியதரப் பலகாரம் ஒரு டப்பாவில் எப்சத்துக்கு வந்து, என் காரில் ஏறித்தான் உம்மை அடைந்தது. "எங்கட தெற்கு நகரம் நீர்தான், ஐசே" என்று சிரிப்பீர். டப்பாவை வெறுமையாகத் திருப்பி அனுப்பியதில்லை; இரண்டு வாழைப்பழமாவது இருக்கும்.

"ஒருக்கா நேர போய்க் கதையும்" என்றேன்.

"அவர் அடிமட்டத்தைக் கீழ வைக்கட்டும், போறன்."

உமது இறுதிச் சடங்கில் அண்ணர் கடைசி வரிசையில் நின்றதைக் கண்டேன்.

போன ஞாயிறு அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் அதே டப்பா. "அவள் பழக்கத்தில சுட்டுப்போட்டாள்" என்று மேசையில் வைத்தவர், சுவரைக் கண்டு நின்றார்.

"இதுதானோ அந்த ஊர்?"

"ஓம்." நான் வழியைக் காட்டினேன். அவர் தம் விரலால் அதே வழியே கீழே இறங்கி, நின்று, மறுபடி மேலே ஏறினார்.

"இப்பிடிச் சுத்தியே?"

"வேற வழியில்லை."

வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. "அவன் சொன்னவன்," என்றார். "நான்தான் அளந்தனான்."

பிறகு மேசையிலிருந்த டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார். காரில் விடுகிறேன் என்றேன். "வேண்டாம் தம்பி. இதை நானே கொண்டுபோய்க் குடுக்கிறன்."

இதுவரை எழுதியதை இன்று உம் வீட்டில் அண்ணருக்கும் உம் மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். அண்ணர் ஒரு சொல்லையும் மாற்றச் சொல்லவில்லை. இங்கே வரும் வழியில் என் காரின் பக்கத்து இருக்கை வெறுமையாகத்தான் இருந்தது. ஆயினும் ஒவ்வொரு வளைவிலும் என் இடக்கை, டப்பா சரியாமல் பிடிக்க, தானாக நீண்டது.

ஒப்பம்: ச. ஞானசேகரம்

சாட்சிகள்:
க. சிவபாதம், உமது அண்ணர்
வ. தவமலர், உமது மனைவி