பிணத்துக்கு வசனம் இல்லை

ஜூன் 4

நாடகத்துக்கு வேஷம் பிரித்தாகிவிட்டது. இந்த வருஷமும் நான்தான் பிணம். எனக்கு இது மூன்றாவது கொலை. பகலெல்லாம் ஆபீஸ் போனில் பேசிப் பேசி வாய் வலிக்கிறவளுக்கு மேடையில் ஒரு வார்த்தை கிடையாது. என் வீட்டுக்காரருக்கோ இன்ஸ்பெக்டர் வேஷம். நாலு சாமான் வாங்கிவரச் சொன்னால் மூன்றை மறக்கிற மனிதர்.

டைரக்டரிடம் கேட்டே விட்டேன். பல் டாக்டர் அவர், மாலையில்தான் டைரக்டர். "நம்ம மேடைக்கு சைடுல மறைப்பே இல்லம்மா. மறந்தவங்களுக்கு அடியெடுத்துக் குடுக்க உங்களை விட்டா யாரு? யாருக்கும் தெரியாம இதை முடிச்சுக் குடுங்க, அடுத்த நாடகத்துல வசனம் தரேன்" என்றார்.

சரி. இந்த ஒரு தடவை செத்துவிடலாம்.

ஜூன் 11

பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டிக் கிடக்கிறேன். கண்ணெதிரே, சோபாவுக்கு அடியில், முழு வசனமும் ஒட்டியிருக்கிறது. இன்று இன்ஸ்பெக்டருக்கு மட்டும் பதினேழு தடவை முணுமுணுத்தேன். வீட்டுக்கு வரும் வழியில், "செத்தும் விடமாட்டியா நீ" என்கிறார். கொழுப்பு.

ஜூன் 19

ஒத்திகையில் தும்மல் வந்தது. அடக்கியதில் உயிரே போயிற்று.

ஜூன் 26

வீட்டுக்காரருக்கு ஜலதோஷம். இரண்டு காதும் அடைத்துக்கொண்டன. நாளை மறுநாள் நாடகம்.

ஜூன் 28

மேக்கப்பைக்கூடக் கழுவாமல் எழுதுகிறேன்.

கடைசிக் காட்சி. "கொலைகாரன் இந்த ரூம்லதான் இருக்கான். அவன்..." — இன்ஸ்பெக்டர் நின்றுவிட்டார். தோட்டக்காரன் என்று முணுமுணுத்தேன். கேட்கவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாக. ம்ஹூம். தோட்டக்காரனாக நடித்த தையற்காரர் எப்போது பிடிப்பார்கள் என்று காத்து நிற்கிறார். என் வீட்டுக்காரர் முகமோ வெளுத்துவிட்டது. பார்க்கப் பாவமாக இருந்தது. அடுத்த நாடகமாவது, மண்ணாங்கட்டியாவது. எழுந்து உட்கார்ந்தேன்.

"என்னைக் குத்துனது தோட்டக்காரன்தான்யா."

மறுபடி படுத்துக்கொண்டேன்.

அரங்கமே சிரித்தது. தையற்காரருக்கு விலங்கு மாட்டும்போதும் சிரிப்பு அடங்கவில்லை. டைரக்டர் என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். மூணு வருஷம் ஆடாம அசையாம கிடந்து என்ன பிரயோஜனம்? எல்லாம் போச்சு. வீட்டு வாசலில் இவர் "மன்னிச்சிடு" என்றார். காது அடைத்திருந்ததால் தெருவுக்கே கேட்டது. கோபமாக இருக்கப் பார்த்தேன், முடியவில்லை.

ஜூலை 9

டைரக்டர் புது நாடகத்தோடு வந்தார். எனக்கு வக்கீல் வேஷம், பதினோரு பக்க வசனம். "கிளினிக்குல வாயைத் திறக்கச் சொன்னா, எல்லாரும் உங்களைப் பத்தித்தான் பேசறாங்க" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அப்போ பிணம் யாரு சார்?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு மெதுவாக, "வயிறு ஏறி இறங்காம எப்படிம்மா மூச்சு விடறீங்க?" என்று கேட்டார்.