ஆவி அடங்கும்வரை

நெமிலிச்சேரி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு.

அன்பு மகள் அலீனாவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே உடம்புக்கு ஒன்றும் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். நீ சாப்பிட்டுவிட்டுத்தான் இதைப் படிக்க வேண்டும். சாப்பிடவில்லை என்றால் மடித்து வைத்துவிட்டுப் போய்ச் சாப்பிடு. காகிதம் எங்கும் ஓடிவிடாது.

போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் உன் அம்மா பேச்சை எடுத்தாலே லைன் சரியில்லை என்கிறாய். மஸ்கட்டில் அந்த ஒரு பேச்சுக்கு மட்டும் லைன் சரியில்லாமல் போவது என்ன அதிசயமோ தெரியவில்லை. காகிதத்தில் லைன் கட் ஆகாது. எதிர்வீட்டு அஸ்கர் லீவு முடிந்து அங்கே திரும்புகிறான். நீ அனுப்பிய ஸ்லோ குக்கரைச் சுமந்துகொண்டு வந்தவனும் அவன்தான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் குக்கர் சமாச்சாரம். உபயோகிக்கிறீர்களா, உபயோகிக்கிறீர்களா என்று வாராவாரம் கேட்கிறாய், நான் உம் கொட்டிவிட்டு விட்டுவிடுகிறேன். இப்போது முழுசாகச் சொல்கிறேன். அதன் பிளக் அந்த ஊர்ச் சதுரக்கால் பிளக், நம் வீட்டு சுவிட்சு போர்டில் நுழைய மாட்டேன் என்றது. அஸ்கர்தான் அதை வெட்டிவிட்டு நம் ஊர் பிளக்கை மாட்டினான். எலெக்ட்ரீஷியன் அல்லவா, அடியைக் கவிழ்த்து வாட்ஸ் பார்த்துவிட்டு, மூன்று பழைய குண்டு பல்பு எரிகிற அளவு கரண்ட்தான் இழுக்கும், பயப்படாதீர்கள் மாமா என்றான். எனக்கு நம்பிக்கை இல்லை. பகல் முழுக்க ஓடுகிற சாமான் கரண்ட்டைக் குடிக்காமல் என்ன செய்யும் என்று இருந்தேன்.

பில் வந்தது. முன்பெல்லாம் ஒண்டி ஆளுக்கு இலவச யூனிட்டே போதும், பில்லில் ஒன்றும் இருக்காது. இப்போது கொஞ்சம் தாண்டுகிறது. தாண்டுவது என் டீக்காசுக்குக்கூட வராது. நான் ஓட்டல் பரோட்டாவுக்கு அழுதுகொண்டிருந்த காசு மிச்சம், வயிற்றெரிச்சலும் மிச்சம். கேஸ் சிலிண்டர் டீ போட மட்டும்தான், கடைசியாக எப்போது புக் பண்ணினேன் என்பதே மறந்துவிட்டது.

விடிகாலை ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து கறியோ காயோ அரிந்து உள்ளே போட்டு மூடிவிட்டால் போதும். நான் பூந்தமல்லி கடைக்குப் போய் நாலு காருக்கு சீட் கவர் தைத்துவிட்டுத் திரும்பி வரும்போது அது தன் பாட்டுக்கு வெந்திருக்கும். பக்கத்தில் நிற்க வேண்டாம், கிண்ட வேண்டாம், அடிப்பிடிக்காது. மலிவாகக் கிடைக்கிற நெஞ்செலும்பு கூட வாயில் வைத்தால் கரைகிறது. நோன்பு மாதத்தில் கிளம்பும்போது கஞ்சிக்குப் போட்டுவிட்டுப் போவேன், நோன்பு திறக்க வந்தால் தயாராக இருக்கும். பிரியாணி மட்டும் வேண்டாம். ஒருநாள் ஆசைப்பட்டு வைத்தேன், அதை வைத்து ஆவடி வரைக்கும் போஸ்டர் ஒட்டலாம். கரண்ட் போன நாளில் பாதி வெந்த பருப்பைப் பார்த்துவிட்டு வாழைப்பழம் தின்று படுத்தேன்.

அதற்கு ஒரே ஒரு சட்டம்தான். நடுவில் மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் சூடு இறங்கி இன்னும் அரைமணி நேரம் இழுக்கும். உன் அம்மாவுக்கு இந்தச் சாமான் ஆகவே ஆகாது. அவளுக்கும் பொறுமைக்கும் என்ன சம்பந்தம்?

இதுவரை எழுதியது நீ கேட்டதற்குப் பதில். இனி எழுதுவது நீ கேட்காதது. நடுவில் மடித்து வைக்காதே, உன் அம்மா மேல் ஆணை.

குக்கர் வைத்த முதல் நாள் சாயந்திரம் பூட்டைத் திறந்தேன். உள்ளே இருந்து பட்டையும் வெங்காயமும் கறியும் வெந்த வாசனை வந்தது. அவள் போனதிலிருந்து இந்த வீட்டில் பூட்டிய அறையின் புழுக்கம்தான் இருந்தது. செருப்பைக்கூடக் கழற்றவில்லை, என் வாய் "ஃபக்ரு" என்று கூப்பிட்டுவிட்டது. பதில் வராதபோதுதான் புத்தி வந்தது. அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன், உன்னிடம் சொல்வதற்கு என்ன வெட்கம்.

ஆளில்லாத வீடானாலும் ஸலாம் சொல்லி நுழைய வேண்டும் என்று நமக்குச் சொல்லியிருக்கிறது அல்லவா? அதை நான் வெகுகாலமாக விட்டிருந்தேன். மறுநாளிலிருந்து சொல்கிறேன். நான் ஸலாம் சொன்னதும் குக்கரின் கண்ணாடி மூடி டக்கென்று ஒரு தடவை ஆடும். உள்ளே கொதி வந்து மூடியைத் தூக்குகிறது என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்தும் தினமும் அதற்காகவே காத்து நிற்கிறேன். மூடி ஆடாத நாளில் இரண்டாம் தடவை ஸலாம் சொல்கிறேன்.

கல்யாண வீட்டில் சாப்பாடு இருக்கிற நாளிலும் குக்கரை வைத்துவிட்டுத்தான் போகிறேன். வெறும் தண்ணீரில் ரெண்டு துண்டு பட்டையும் ஒரு வெங்காயமும் போட்டு வைப்பேன். வாசனை இல்லாத வீட்டைத் திறக்க எனக்குப் பயமாக இருக்கிறது. அந்தக் கரண்ட்டுக்கு மட்டும் என்னிடம் கணக்குக் கேட்காதே.

பக்கத்து வீட்டு சரசா இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறாள். போன வாரம் காம்பவுண்டுச் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "இன்னா பாய், யார்கிட்ட பேசிக்கினு கீற? உன் ஊட்ல ஆவி கீதுன்னு பசங்க சொல்லுது" என்றாள். ஆமாம் சரசா, மூடி ஓரமாகப் புஸ்ஸென்று வருகிறது, வந்து பார் என்றேன். சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அவளைப் பற்றி உனக்கு ஒன்று தெரியாது. எனக்குக் காய்ச்சல் வந்து கடைக்குப் போகாமல் படுத்திருந்த நாளில்தான் எனக்கே தெரிந்தது. அவள் பையன் உத்தமன் பள்ளிக்கூடத்துக்கு வெறும் பிரெட்டோடு கிளம்பினான். என்ன சரசா என்று கேட்டால் மழுப்பினாள். பிரஷர் குக்கர் விசில் சத்தம் கேட்டால் நான் தெருவுக்கு ஓடிவருவதைப் பார்த்துவிட்டு, அன்று முதல் நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் அவள் குக்கரையே அடுப்பில் ஏற்றுகிறாளாம். எங்கிருந்து வந்த சொந்தம் பார்.

அவள்தான் போன வாரம் சுவரைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ அவள் மடியில் விழுந்து, நான் அவசரப்படுத்தாமல் இருந்திருந்தால் அம்மா மூடியைத் திறந்திருக்க மாட்டாள் என்று சொல்லிச் சொல்லி அழுதாயாமே. யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினாயாமே. இரண்டு ரமலானாக நீ வீட்டுப் பக்கம் வராததற்கு இதுதான் காரணமா? இதை வயிற்றில் வைத்துக்கொண்டுதான் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலையில் கையெழுத்துப் போடப் போகிறாயா?

நான் சொல்வதைக் கேள். அன்றைக்கு நீ ரயிலுக்கு நேரமாகிறது என்று கத்தினாய், வாசலில் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்த என் காதிலும் விழுந்தது. ஆனால் உன் அம்மா என்றைக்கு அந்தக் குக்கரை அடங்க விட்டாள்? நீ பிறப்பதற்கு முன்பிருந்தே கரண்டிக் காம்பால் வெயிட்டைத் தூக்கித்தான் திறப்பாள். ஆவி அடங்கட்டும் ஃபக்ரு என்று நான் கத்துவேன். "அதும் ஆவி அடங்குறதுக்குள்ள என் ஆவி அடங்கிப்பூடும், நீ போய் வேலையப் பாருய்யா" என்பாள். நாம் மூன்று பேரும் சிரிப்போம். உனக்கு லீவான ஞாயிற்றுக்கிழமைகளிலும் அப்படித்தான் திறப்பாள். ஞாயிற்றுக்கிழமை உனக்கு எந்த ரயில், அலீனா? அந்த ஒரு நாள் மட்டும் பருப்பு நுரை வெயிட் குழாயை அடைத்துக்கொண்டது. வெயிட்டைத் தூக்கியும் ஆவி வரவில்லை, காலியாகிவிட்டது என்று நினைத்து மூடியைத் திருகிவிட்டாள், கொதி முழுக்க அவள் மேல். அவ்வளவுதான். அவள் சொல்லைக் கேட்டு வானத்தில் எந்த மலக்கு ஆமீன் சொன்னாரோ, அதை நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

இன்னொன்று. வார்டில் கண் திறந்ததும் அவள் கேட்டது, "புள்ளைக்கு டிரெயினு கெடச்சுதா?" என்று. நீ கால்மாட்டில் நின்றாய், உடனே வெளியே போய்விட்டாய். குத்திக் கேட்டாள் என்று நினைத்துவிட்டாய். அடி பைத்தியமே, நீ வேலைக்குப் போன நாளெல்லாம் ஸ்டேஷன் பக்கம் ஹார்ன் சத்தம் கேட்டதும் என்னிடம் அதைத்தான் கேட்பாள். எனக்கென்ன தெரியும், நான் என்ன டிரைவரா என்று எரிந்து விழுவேன். வலியிலும் அவளுக்கு வாயில் வந்தது அதுதான். நீ போய்ச் சேர்ந்தாயா என்பதுதான் அவளுக்குக் கவலை. வேறு ஒன்றும் அதில் இல்லை, அவள் அடங்கியிருக்கிற கபர் மேல் சத்தியம்.

நீ அனுப்பிய பெட்டியில் வார்ம் என்று ஒரு திருகு இருக்கிறது. வெந்து முடிந்த பிறகு அதில் திருப்பி வைத்தால் ஆள் வரும்வரை சூடு ஆறாமல் இருக்கிறது. அதற்கு ஆகிற கரண்ட் ஒன்றுமே இல்லை என்கிறான் அஸ்கர். அதனால் எந்த நேரத்து விமானமானாலும் யோசிக்காதே. கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு தடவை வந்துவிட்டுப் போ, கண்ணு. பிறகு உன் இஷ்டம்.

மூடியோடு பேசி எனக்கு அலுத்துவிட்டது. அல்லாஹ் உன்னைப் பத்திரமாக இந்த வாசலுக்குக் கொண்டுவரட்டும். வந்ததும் ஸலாம் சொல். பதில் சொல்ல நான் உள்ளே இருப்பேன்.

உன் அத்தா,
சாதுல்லா.