கதவில் நான் போட்ட கோடு

அன்புத் தங்கை மரகதத்துக்கு,

நீ கண்மூடி ஒன்பது வருடம் ஆகிறது. வரிசைப்படுத்தாமல் எனக்கு எழுத வராது என்பது உனக்குத் தெரியும். சொல்ல நினைப்பவை நான்கு.

1. நம் இருவருக்கும் இருந்தது ஒரே நோய்.
2. எனக்கு அது நல்ல பெயர் வாங்கித் தந்தது. உனக்குக் கெட்ட பெயர்.
3. என் சாக்பீஸ் கோட்டை நீ அழித்தது உன் நோயின் வேகத்தில்தான்.
4. மன்னிப்பு.

போன மாதம், பூட்டை இழுத்துப் பார்க்க ஆம்பூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து மூன்று முறை வீட்டுக்குத் திரும்பினேன். உன் அண்ணி சரோஜா, "போதும், வாங்க" என்று வேலூருக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா, இதற்குப் பெயர் ஓசிடி, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய் என்றார். கூடப் பிறந்தவர்களுக்கு உண்டா என்று கேட்டார். உன்னைச் சொன்னேன்.

"ஆம்பளைங்களுக்குச் சின்ன வயசுலயே ஆரம்பிக்கிறதைப் பார்க்குறோம். பொம்பளைங்ககிட்ட அழுக்கு பயம், கழுவுறது ஜாஸ்தி. எல்லாருக்கும் அப்படியேன்னு இல்ல. பயம் மட்டும் ஒண்ணுதான். சரி, அவங்களை எங்க காட்டுனீங்க?"

உன்னை நாங்கள் எங்கேயும் காட்டவில்லை.

தோல் தொழிற்சாலையில் தரம் பிரிக்கும் மேசையில் ஒவ்வொரு தோலையும் மூன்று முறை புரட்டுவேன். "சார் பார்த்து அனுப்பின தோல் திரும்பி வராதுய்யா" என்பார் மேஸ்திரி. அதே வருடங்களில்தான் ஒடுகத்தூரில் உன் புகுந்த வீட்டிலிருந்து உன்னைத் திருப்பி அனுப்பினார்கள். "நாள் பூரா கை கழுவிக்கினு பைப்படியிலயே நிக்கிறா, இவளை வச்சிக்கினு இன்னா பண்றது?" என்றார் உன் மாமியார். தெருவில் உனக்குத் தண்ணிப் பைத்தியம் என்று பெயர். எனக்குப் பொறுப்பான ஆள் என்று பெயர். தோலில் இருக்கும் சிறு கீறலையும் கண்டுபிடித்தவன், வெடித்து ரத்தம் கசிந்த உன் விரல்களை எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

தோலின் குறைகளைச் சுற்றி வட்டம் போடும் சாக்பீஸை வீட்டுக்குக் கொண்டுவருவேன். தினமும் காலையில் கொல்லைக் கதவைத் தாழிட்டு, பக்கத்தில் ஒரு கோடு. கோடு இருந்தால் தாழ் போட்டாயிற்று என்று அர்த்தம். வேலைக்குக் கிளம்பும்போது பார்த்தால் கோடு இருக்காது. கதவு ஈரமாக இருக்கும்.

"எவ அழிச்சது?"

"நாந்தாண்ணா. அழுக்கா இருந்துச்சி."

"உன்னோட பெரிய பேஜாராப் போச்சு!" தெருவுக்கே கேட்கும்படி கத்துவேன். நீ ஈரத் துணியோடு பைப்படிக்குப் போய்விடுவாய்.

இதுவரை எழுதியதை இன்று காலை சரோஜாவிடம் படித்துக் காட்டினேன். மூன்றாவதில் நிறுத்தினாள்.

"அது அப்படி இல்லீங்க. நான் வந்த புதுசுல அவளையே கேட்டேன். 'அண்ணி, கதவு நிறைய கோடு சேர்ந்து யாராச்சும் பார்த்தா அண்ணனையும் பைத்தியம்னுடுவாங்க. வீட்டுக்கு ஒருத்தி போதும்'னா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிக்கினா, என் கையைப் பிடிச்சி."

யாரையும் தொட மாட்டாயே மரகதம். அதன் பிறகு எத்தனை முறை கை கழுவினாய்?

வருகிற வியாழக்கிழமை மறுபடி வேலூர் போகிறேன். பூட்டை ஒரு முறைதான் இழுத்துப் பார்ப்பேன். முடியுமா என்று சந்தேகம்தான், ஆனாலும் உனக்கு வாக்கு. தெருவில் யார் கேட்டாலும், என் தங்கைக்கு இருந்த அதே வியாதி எனக்கும் என்று சொல்வேன்.

மூன்றாவதாக நான் எழுதியது தவறு. அதை அடிக்காமல் அப்படியே விடுகிறேன், எல்லோரும் பார்க்கட்டும்.

நீ ஊர் கண்ணில் படாமல் மறைத்துவைத்த
உன் அண்ணன்