அளந்து ஊற்றிய உப்புத் தண்ணீர்

கல்லூரி மொட்டைமாடியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இன்று நம்முடைய உமரிச் செடித் தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தேன். ஆறாம் தொட்டியின் அடியில் ஓர் ஓட்டை, அதில் நம் லேப் ரப்பர் கார்க். அடிப்பாவி! தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாட்டனி டிபார்ட்மெண்டில் சேர்ந்த புதிதில், வேதாரண்யத்து உப்புச் சேற்றிலிருந்து ஈரச்சாக்கில் சுற்றித் திருச்செங்கோட்டுக்கு நாம் கொண்டுவந்த செடிகள். உப்பையும் தண்ணீரையும் அளந்து ஊற்றுவதே வேலை. உப்புத் தண்ணீர் ஊற்றி வடியவிட்டவை இலை தடித்துக் கொழுகொழுவென்று நின்றன. அதே உப்புத் தண்ணீர் வடியாமல் தேங்கிய தொட்டிகளில் இலை சிவந்து உதிர்ந்தது.

"உப்ப அது சமாளிச்சுக்கும் புள்ள. வேருக்கு மூச்சு முட்டுனா, உப்ப வெளிய நிறுத்தறதுக்குத் தெம்பிருக்காது" என்றாய்.

தண்ணீர் தேங்கியும் ஆறாவது மட்டும் பிழைத்தது. ஏனென்று நான் மண்டையை உடைத்துக்கொண்டபோது நீ வாயே திறக்கவில்லை. சாயங்காலம் கார்க்கைப் பிடுங்கி வடியவிட்டு, காலையில் எனக்கு முன்னால் வந்து நிரப்பியிருக்கிறாய். கடலோரத்தில் நடப்பதுபோல அந்தச் செடிக்கு மட்டும் தண்ணீர் ஏறி இறங்கியிருக்கிறது. இனி நம் ஆய்வறிக்கையிலிருந்து அந்தத் தொட்டியை எடுக்க வேண்டும். திட்டுவதற்கு நீயும் இல்லை.

அப்புறம் உன் கிட்னி போனது. வாரம் மூன்று நாள் சேலத்தில் டயாலிசிஸ். உப்பும் தண்ணீரும் டாக்டர் சொன்ன அளவுதான். உன் வீட்டுக்காரர் தறியை விட்டு வர முடியாத நாட்களில் உன்னோடு நான் வந்தேன்.

"தொட்டிக்கு அளந்தது பத்தாதுன்னு எனக்கும் அளக்கறயா?" என்று சிரிப்பாய். நானும் சிரிப்பேன். உண்மையில் எனக்கு அலுத்துப்போயிருந்தது.

சொல்ல வந்தது வேறு. கடைசியாகப் போய்வந்த அன்று, சித்திரை வெயிலில், சேலம் பஸ் ஸ்டாண்டு மோர்க்கடையைப் பார்த்து நின்றுவிட்டாய்.

"ஒரே ஒரு மடக்கு வாங்கித் தா புள்ள. நாக்கு ஒட்டிக்குது."

"உன்ற அளவு காலைலயே முடிஞ்சுது."

"உப்புப் போடாம?"

"வேண்டாம்னா வேண்டாம்."

"செரி சாமி" என்று பஸ் ஏறினாய். அடுத்த டயாலிசிஸுக்கு நீ இல்லை.

நான் செய்தது சரிதான் என்று டாக்டரே சொன்னார். நீ குடிக்கவில்லையென்று நானும் குடிக்கவில்லை என உன் வீட்டுக்காரரிடம் சொல்லி அழுதேன். பொய். உன்னைப் பஸ்ஸில் சன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, பாத்ரூம் போவதாகச் சொல்லி, அந்தக் கடையிலேயே நின்றபடி ஒரு டம்ளர் மோர் குடித்தேன். தாகம் தாங்கவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எனக்குத்தான் ஆகாது. நீயாச்சும் குடிச்சுட்டு வந்திருக்கலாமல்ல?" என்றாய்.

"எனக்குத் தாகமே இல்ல புள்ள" என்றேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். சங்ககிரி தாண்டும்வரை விடவே இல்லை.