ஆறும் நெருப்பு

அண்ணே,

சோறும் கருவாட்டுக் கொழம்பும் தூக்குவாளியில இருக்கு. சாயங்காலம் ஏழாயிரம்பண்ணையிலருந்து புகழேந்தி அண்ணன் உன்கூட கேம் வெளையாட வருவாக. கேம் மெஷினுல போடுறதுக்காகச் சுவர்க் கடிகாரத்துப் பேட்டரியைக் கழட்டாதே.

நேத்து நீயே சொன்ன: கேமுல சண்டை போடுற உன் டீம் மிருகம் ஆறும் நெருப்பு வகை, எதிர்ல பலமான தண்ணி வகை ஒண்ணு வந்தாப் போதும், ஆறும் வரிசையா விழுந்துரும். ஆனாலும் மாத்த மாட்டேன்ன. அது வெளையாட்டு, மாத்தாமயே இரு.

நம்ம வீட்டுலயும் ஆறு பேரு. ஆறு பேரும் ஒரே பட்டாசுக் கம்பெனி. மழை பேஞ்சா ஆறு பேருக்கும் வேலையில்ல. நீ எம்புட்டுக் கத்துனாலும் சரி, நான் இன்னைக்கு சிவகாசி அச்சாபீஸ்ல வேலைக்குச் சேரப் போறேன். கம்பெனி வேன் வந்தா எனக்காக நிக்க வேண்டாம்னு சொல்லிரு.

பொன்மணி

மறந்துட்டேன்: வானம் இருட்டிக்கிட்டு வருது. கொடியில துணி கெடக்கு. எடுத்துப் போடு, உங்க அஞ்சு பேருக்கும் இன்னைக்கு லீவாத்தான் இருக்கும்.